மரகதக்கா நடை

மரகதம் படுத்த மறுநா, விடியறதுக்கு முன்னாடியே அவ நடை எந்திரிச்சிருச்சு.

ஆளு எந்திரிக்கல. ஆளு கட்டில்லயேதான் கெடந்தா. வலது கால் ரெண்டு தலகாணிக்கு மேல இருந்துச்சு, கெண்டச்சதையச் சுத்தி பேண்டேஜ் துணி இருந்துச்சு, பாதம் ரெண்டும் ஒடம்போட ஒட்டித்தான் இருந்துச்சு. ஆனா நடை மட்டும் தனியா எறங்கி, கட்டிலுக்கடியில கெடந்த ரப்பர் செருப்ப மாட்டிக்கிட்டு, சமையக்கட்டுல இருந்த குடத்த எடுத்துக்கிட்டு, சரக்கு சரக்குன்னு கதவத் தொறந்து வெளிய போயிருச்சு. செருப்பு தரையில போகும், குடம் இடுப்பு ஒசரத்துல கூடவே போகும், நடுவால ஒண்ணும் இருக்காது. அவ்வளவுதான் விசயம். அதுக்கு மேல அதுல விளக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

கால் போன கதையும் அப்படித்தான், சொன்னா ஒரு வாயில முடிஞ்சிரும். திருப்பூர்ல பனியன் கம்பெனி வேன் சந்து மொனைல நின்னு ஹாரன் அடிச்சா அடிச்சதுதான், ஏறுனா ஏறுனது, இல்லேன்னா இல்ல. மரகதம் தெனமும் சோத்துப்பைய ஒரு கைல புடிச்சிக்கிட்டு சாக்கடைய ஒரே தாவா தாவி வேன்ல ஏறுவா. முந்தின நா அப்படித் தாவுனப்ப, கெண்டச்சதையில யாரோ பின்னால இருந்து கல்ல விட்டு எறிஞ்சாப்பல டொப்புன்னு ஒரு அடி. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. கால ஊன முடியல. வேன் போயிருச்சு.

ஆஸ்பத்திரில இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. சதைய அமுக்கிப் பாத்துட்டு, "எலும்புக்கு ஒண்ணுமில்லீங்க. சதை நார் கொஞ்சமா கிழிஞ்சிருக்கு. ஐஸ் வைங்க, சுத்திக் கட்டுங்க, ஒசத்தி வைங்க. கால கீழ ஊனாதீங்க"ன்னாங்க.

"ஊனாம எப்படிங்க வேலைக்குப் போறது?"

"போகாதீங்க."

மரகதம் மகளோட மூஞ்சியப் பாத்தா, இந்தம்மா எந்த ஊரு பாஷை பேசறாங்கன்னு கேக்கற மாதிரி.

மக பேரு தாரணி. கவர்மெண்ட் காலேஜ்ல பொருளாதாரம் ரெண்டாவது வருசம், பரீட்சைக்குப் படிக்கச் சொல்லி லீவு விட்டிருந்தாங்க. படிக்கறதவிட சண்ட போடறது அவளுக்கு நல்லா வரும். பஸ் நிறுத்தாமப் போனா அடுத்த பஸ்ஸுல ஏறி டிப்போ வரைக்கும் போய் சண்ட போட்டுட்டு வருவா. வாத்தியாரு பாடத்துல தப்பாச் சொன்னா எந்திரிச்சு நிப்பா, உக்காருன்னா உக்கார மாட்டா. அப்பங்காரரு லாரி ஓட்டறவரு, வந்தா வருவாரு. அதனால வீட்டுல சண்ட போட ஆளில்லாம, அம்மாகிட்டதான் போடுவா, அம்மா திருப்பிப் போட மாட்டா, அதுல தாரணிக்கு இன்னும் கோவம் வரும்.

அன்னைக்கு விடியக்காலைல செருப்புச் சத்தம் கேட்டு முழிச்சவ, அம்மாதான் எந்திரிச்சுட்டான்னு நெனச்சு, "உனக்கு அறிவே இல்லியாம்மா"ன்னு கத்திக்கிட்டே வந்தா. மரகதம் கட்டில்ல கண்ணத் தொறந்து வெச்சுட்டுப் படுத்திருந்தா.

"நான் இங்கதான் இருக்கறேன்"ன்னா. "அது போயிருச்சு. தண்ணி வந்திருச்சில்ல."

அந்தக் காம்பவுண்ட்ல எதிரும் புதிருமா ரெண்டு வரிசை லைன் வீடு, நடுவால ஒரு சந்து, சந்துக்கோடில ஒரு கொழா. தாரணி போறதுக்குள்ள அங்க நாயம் ஆரம்பிச்சிருச்சு. செருப்பும் குடமும் வரிசைல நின்னுட்டிருக்கு, அதுக்குப் பின்னால பக்கத்து வீட்டு சம்பூரணம் இடுப்புல கைய வெச்சு நிக்கறா. யாருமே அய்யோ அம்மான்னு ஓடல. செருப்பு ஏன் ஆளில்லாம நிக்குதுன்னு கேக்கக்கூட இல்ல. கேட்டதெல்லாம் ஒண்ணுதான்.

"ஆளு வந்தாத்தானே மொறை? நாளைக்கு எல்லாரும் செருப்ப அனுப்பிட்டு வீட்டுல தூங்குவீங்களா?"

தாரணிக்கு அது போதும். "ஏனுங்க்கா, தண்ணி தூக்கறது மூஞ்சியா காலா? இத்தன வருசமா எங்கம்மா இந்த வரிசைல நிக்கறாங்க, ஒரு நாளாச்சும் அவங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? இந்த சரக்கு சரக்குச் சத்தம் கேட்டுத்தானே, மரகதம் வந்துட்டா தள்ளி நில்லுன்னு சொல்லுவீங்க? அந்தச் சத்தம் இப்ப வந்திருக்குதா இல்லியா? வந்திருக்குதுன்னா ஆளு வந்தாச்சு."

வரிசைல நின்ன நாலு பேரும் யோசிச்சுப் பாத்தாங்க. மரகதம் மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒருத்தருக்கும் சட்டுன்னு நெனப்புக்கு வரல.

"செரி அம்மிணி. நீ படிச்ச புள்ள. நடைன்னா ஆளு. அப்படியே வெச்சுக்கலாம்"ன்னா சம்பூரணம்.

தாரணி ஜெயிச்சுட்டா. குடம் நெறஞ்சுச்சு, நடை அதத் தூக்கிக்கிட்டுத் திரும்புச்சு. அப்பத்தான் சம்பூரணம் பின்னால இருந்து சொன்னா: "ஆளுன்னா, இந்த வாரம் மொறைவாசல் உங்க வீடு கண்ணு. மறந்துறாதீங்க."

மொறைவாசல்னா லைன் வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு வீடு சந்து பூரா கூட்டி, தண்ணி தெளிச்சு, பொதுக் கக்கூஸக் கழுவி, சாக்கடை அடைச்சா குச்சி விட்டு எடுக்கோணும். பொம்பளைக்குச் சீக்குன்னா மட்டும் அடுத்த வீட்டுக்காரி எடுத்துக்குவா, அதுல யாரும் மூஞ்சியச் சுளிக்க மாட்டாங்க. அந்த வழக்கம் ஒண்ணுதான் அந்தக் காம்பவுண்ட்ல ஒரு பொம்பளை படுக்கறதுக்கு இருந்த ஒரே சந்து. அத தாரணியே தன் வாயால அடைச்சுட்டு வந்திருந்தா. நடைன்னா ஆளு. ஆளு நல்லாத்தான் நடக்குது. அப்பறம் சீக்கு எங்க இருக்குது?

நடை அன்னைக்கு சந்து கூட்டுச்சு, கக்கூஸ் கழுவுச்சு, சோறு பொங்குச்சு. ஹாரன் சத்தம் கேட்டதும் சோத்துப்பைய எடுத்துக்கிட்டு சாக்கடையத் தாவி வேன்ல ஏறிருச்சு. தாவுனப்ப கட்டில்ல கெடந்த மரகதம் பல்லக் கடிச்சா.

தாரணி கம்பெனி சூப்பர்வைசர் பழனிவேலுக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு லீவு வேணும்னு கேட்டா.

"லீவா? உங்கம்மாதான் வந்துட்டாங்களே" அப்படின்னாரு அவரு.

"அம்மா வீட்டுல இருக்கறாங்க. வந்தது நடைங்க."

"அதான் புள்ள, ஹெல்பர் வேலைக்கு வேற என்ன வேணும்? ஒரு மெஷின்ல தச்ச பீஸ எடுத்து அடுத்த மெஷினுக்குக் குடுக்கோணும். மூஞ்சி வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும், நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. ஷிப்மெண்ட் நேரம் பாரு."

இப்படித்தான் அந்த நடை ஊரோட சேந்துச்சு. மொதல்ல யாரோ ஒருத்தரு சந்துல கற்பூரம் ஏத்தி வெச்சுப் பாத்தாரு, நடை அதச் சுத்திப் போய், கற்பூரம் அணைஞ்சதும் அந்தக் கரிய ஈரத்துணி போட்டுத் தொடச்சிருச்சு. அதோட சாமி கும்பிடற நெனப்பு எல்லாருக்கும் போயிருச்சு. அப்பறம் ஆரம்பிச்சதுதான் வேலை சொல்றது. மரகதம் மூஞ்சியோட வந்தா, என்ன நெனப்பாளோ ஏது நெனப்பாளோன்னு ஒரு கூச்சம் இருக்கும், நடைக்கு மூஞ்சி இல்ல, அதனால கூச்சமும் இல்ல. சம்பூரணம், போற வழில கொழம்ப ஒரு கிண்டு கிண்டிட்டுப் போன்னா. மாடில இருக்கற வீட்டுக்காரம்மா செடிக்கு ஒரு வாளி தண்ணின்னாங்க. நடை எதுக்கும் இல்லேன்னு சொன்னதில்ல, இல்லேன்னு சொல்ற வாயி கட்டில்ல கெடந்துச்சு, அதுவும் சொன்னதில்ல. எல்லாரும் ஒரு வேலைதான் சொன்னாங்க. ஒருத்தரும் ரெண்டு சொல்லல.

மரகதம் கட்டில்ல கெடந்து காதால கூடவே போனா. "இப்ப தொட்டில ஊத்துது"ம்பா. "இப்ப பாய உதறுது"ம்பா. சத்தம் கேக்கற வரைக்கும் அவ மூஞ்சி அமைதியா இருக்கும், வேன் ஏறிப் போனதுக்கப்பறம்தான் ஒரு மாதிரி ஆயிருவா, சுவத்தப் பாத்துட்டே கெடப்பா. பொழுதோட நடை திரும்பி வந்து செருப்பக் கழட்டறப்ப, பேண்டேஜுக்குள்ள கெண்டச்சதை வீங்கி இறுகிப் போயிருக்கும். தாரணி ஐஸ் வெப்பா. "குளுருதாம்மா?"ன்னு கேப்பா. "தெரீல கண்ணு"ம்பா மரகதம். மொதல்ல குதிகால்ல தெரியல. பொறவு உள்ளங்கால்ல தெரியல. பொறவு ஐஸ் எந்தக் கால்ல இருக்குதுன்னே கண்ணால பாத்துத்தான் சொன்னா.

தாரணி மறுபடியும் அம்மாவ டாக்டரம்மாகிட்ட ஆட்டோவுல தூக்கிட்டுப் போனா. அவங்க பேனா மொனையால உள்ளங்கால்ல கோடு இழுத்துப் பாத்தாங்க. கால் மரக்கட்டையாட்டம் இருந்துச்சு.

"நடக்காதீங்கன்னு சொன்னேனே."

"நான் நடக்கலீங்க"ன்னா மரகதம், கொஞ்சம் பெருமையாவே. "கட்டில விட்டு எறங்கவே இல்லீங்க."

டாக்டரம்மா தாரணியப் பாத்தாங்க. "நடை வெளிய இருக்குதா?"

"ஆமாங்க."

அவங்களும் ஆச்சரியப்படல. களைச்சுப் போன மாதிரி மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. "இந்தப் பக்கம் லைன் வீட்டுப் பொம்பளைங்களுக்கு இது நான் பாக்கறது மொதல் தடவ இல்ல. இங்க பாரும்மா, மாத்திரை நான் குடுக்கலாம், கட்டு நான் போடலாம். அது வந்து ஒடம்புல படுத்தாத்தான் சதை கூடும். இப்படியே வெளிய சுத்துச்சுன்னா கால் அத மறந்துரும். மறந்துருச்சுன்னா அப்பறம் சதை நல்லாயும் பிரயோஜனம் இல்ல, எந்திரிச்சு நிக்க மாட்டாங்க. சீக்கிரமாக் கூட்டிட்டு வந்துருங்க."

கூட்டிட்டு வர்றதுன்னா எப்படி? தாரணி மொதல்ல செருப்ப ஒளிச்சு வெச்சா. நடை வெறுங்காலோட போச்சு, அன்னைக்குச் சாயங்காலம் மரகதம் பாதத்துல முள்ளுக் குத்துன புள்ளியெல்லாம் இருந்துச்சு, அவளுக்கு அது தெரியக்கூட இல்ல. மறுநா கதவுல பூட்டுப் போட்டா. நடை கதவுக்கிட்ட வந்து நின்னுச்சு, மாமியார் வீட்டுல புது மருமக நிக்கற மாதிரி ஒரு ஓரமா, முட்டாம மோதாம, பேசாம நின்னுச்சு. வெளிய வேன் ஹாரன் அடிச்சுட்டே இருந்துச்சு. கட்டில்ல மரகதம் நெஞ்சப் புடிச்சுட்டு வேர்த்து ஊத்த, "தொறந்து விடுடி, வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கடி"ன்னு அழுதா. தாரணி தொறந்து விட்டா.

அடுத்து வந்த ஞாயித்துக்கெழமைதான் அவ சந்துல நின்னு எல்லாத்தையும் கூப்பிட்டுக் கத்துனது.

"நீங்கெல்லாம் மனுசங்களா? அங்க ஒரு பொம்பளைக்குக் கால் செத்துட்டு இருக்குது, நீங்க கொழம்பு கிண்டச் சொல்றீங்க?"

"நாங்களா கூப்ட்டோம்?"ன்னாங்க வீட்டுக்காரம்மா மாடில இருந்தே. "அதுவா வருது. வாசல்ல வந்து நிக்கற பொம்பளையப் போன்னு சொல்ல முடியுமா?"

"நடைன்னா ஆளுன்னு சொன்னது நீதானே கண்ணு"ன்னா சம்பூரணம். அவ குரல்ல குத்தல் இருந்துச்சு, ஆனா சத்தம் இல்ல. பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னா: "கத்தாத. என்ற இடுப்பு விட்டுப் போய் வருசமாச்சு. எனக்கும் ஒண்ணு எந்திரிச்சுப் போகாதான்னு நானும் தெனம் படுத்துப் பாக்கறேன். எங்க, நான்தான் எந்திரிக்க வேண்டியிருக்குது. உங்கம்மாளது வந்து கொழம்பக் கிண்டறப்ப அந்தக் கொஞ்ச நேரம் செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கறேன். அது உனக்குப் பொறுக்கலியா?"

தாரணி வெடுக்குன்னு திரும்பி வீட்டுக்குள்ள வந்துட்டா.

வீட்டுக்குள்ள ஒரம்பரைக் கூட்டம். காலுக்கு முடியாதவளப் பாக்கறதுக்கு தாராபுரத்துல இருந்து பெரியம்மா வகையறா பன்னும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிட்டு வந்திருந்தாங்க. கட்டிலச் சுத்தி உக்காந்து, எப்படி ஆச்சுன்னு கேட்டு, இதே மாதிரி அவங்களுக்கு ஆனதச் சொல்லி, அத அவங்க எப்படி நடந்தே சரி பண்ணுனாங்கன்னும் சொன்னாங்க. அவங்களுக்கு டம்ளர் டம்ளரா டீ வந்துட்டே இருந்துச்சு. அன்னைக்கு வேன் கெடையாது, அதனால நடை சமையக்கட்டுக்கும் கட்டிலுக்குமா அலைஞ்சுட்டு இருந்துச்சு. மரகதம் படுத்தவாக்குல, "சக்கரை பத்துச்சுங்களா?"ன்னு கேட்டா. பெரியம்மா, "படுத்திருந்தாலும் மரகதம் கைப்பக்குவம் மாறல பாரு"ன்னாங்க. வலி வந்தவளப் பாக்க வந்து, அவ வலிக்கற கால விட்டே டீ போடச் சொல்லிக் குடிச்சுட்டு, ஒடம்பப் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போற வழக்கத்த எவன் கண்டுபுடிச்சானோ, அவன் கெண்டச்சதைல ஒரு நா கல்லு விழோணும்.

எல்லாரும் போனதுக்கப்பறம் தாரணி அம்மாகிட்ட போய் நின்னா.

"அதக் கூப்பிடும்மா. உன்ற நடைதானே. நீ கூப்ட்டா வரும்."

"நான் போன்னு சொல்லலியே. வான்னு சொன்னா எப்படிக் கேக்கும்?"

"சொல்லித்தான் பாரேன்."

சமையக்கட்டுல டம்ளர் கழுவற சத்தம் வந்துட்டு இருந்துச்சு.

"அது நின்னுச்சுன்னா," அப்படின்னா மரகதம், "நான் இங்க சும்மா கெடக்கறேன்னு ஆயிரும்டி. இப்ப எதோ பாதி ஆளாச்சும் ஒழைக்குதுன்னு இருக்குது. அந்தச் சத்தம் கேக்கறதாலதான் படுக்கவே முடியுது."

"உன்ன எல்லாரும் ஏமாத்தி வேலை வாங்கறாங்கம்மா. எல்லாரும்."

"ஆமா"ன்னா மரகதம். கோவமே இல்லாம சொன்னா, அதான் மோசம். "காத்தால நீ புக்கு படிச்சுட்டே, அம்மா டீன்னு கத்துன. கால் ஊன முடியாதவ எப்படிக் கொண்டாருவேன்னு நெனச்ச? வந்துச்சில்ல? குடிச்சல்ல?"

தாரணி நெனச்சுப் பாத்தா. வந்துச்சு. குடிச்சா. டம்ளர அங்கயே வெச்சுட்டு அடுத்த பக்கத்தத் திருப்புனா. உழைப்பச் சுரண்டறதப் பத்தின பாடம் அது, நல்லாப் புரிஞ்சுச்சு.

மறுநா அவ நடைகூடவே போனா. சண்ட போட்டுத் திருப்பிக் கூட்டிட்டு வந்துறலாம்னுதான் போனா. கொழாயடில இருந்து தொட்டிக்கு, தொட்டில இருந்து அடுப்புக்கு, அடுப்புல இருந்து சம்பூரணம் வீட்டு அடுப்புக்கு, அங்கிருந்து மாடிப்படி ஏறி செடிக்கு, எறங்கி சாக்கடைக்கு, சாக்கடையத் தாவி வேனுக்கு, வேன்ல சீட்டு இருந்தும் கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே கம்பெனிக்கு, அங்க மொத மெஷின்ல இருந்து ரெண்டாவது மெஷினுக்கு, ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு, திரும்ப மொதல்ல இருந்து. பீஸ் கட்டு இடுப்பு ஒசரத்துல போச்சு வந்துச்சு, பஞ்சுத் தூசி எல்லாத்து மேலயும் படிஞ்சுச்சு, அது மேல மட்டும் படியல, படிய ஒடம்பு இல்ல. அவ அதுகூட நடந்துக்கிட்டே வாதாடுனா. தொழிலாளர் சட்டம் சொன்னா, டாக்டர் சொன்னதச் சொன்னா, கெஞ்சுனா, திட்டுனா. ஒவ்வொரு தடவையும் அது மரியாதையா நின்னு, அவ சொல்லி முடிக்கற வரைக்கும் கேட்டுட்டு, அப்பறம் போச்சு. டீ நேரத்துல எல்லாரும் கட்டு மேல சாஞ்சாங்க. நடை வௌக்குமாத்த எடுத்து வெட்டுத்துணியக் கூட்டுச்சு. மத்தியானத்துக்கு மேல தாரணி வாதாடறத நிறுத்திட்டா. நிறுத்தணும்னு நெனச்சு நிறுத்தல, வாய் ஓஞ்சு போச்சு. காலு ரெண்டும் கொதிச்சுச்சு. அப்பத்தான் அவளுக்கு ஒண்ணு தெரிஞ்சுது. அந்த நடைக்கு யாரும் உக்காருன்னு சொல்லாதது பிரச்சின இல்ல. உக்காந்தா அது நடையே இல்ல. அதுக்கு உக்காரத் தெரியாது. அதுகிட்ட உக்காருன்னு நியாயம் பேசறது, மீன்கிட்ட கரையேறுன்னு பேசற மாதிரி.

சாயங்காலம் வேன் ஆள ஏத்திட்டுப் போயிருச்சு, நடை மிச்ச கட்ட அடுக்கிட்டு பின்னாலதான் கெளம்புச்சு, ரோட்டோரமா நடந்தே. நொய்யல் பாலத்துக்கிட்ட வர்றப்ப சத்தம் மாறுச்சு. ஒரு சரக்கு கேட்டுச்சு, அப்பறம் ஒரு இழுப்பு. ஒரு சரக்கு, ஒரு இழுப்பு. வலது செருப்பு தார்ல தேஞ்சுட்டே வந்துச்சு. அது நொண்டுது.

தாரணி அதுக்கு முன்னால போய், பாலத்து மேல, வண்டியெல்லாம் போற வழில, முதுகக் காட்டிக் குத்த வெச்சு உக்காந்தா. நடை அவளச் சுத்திப் போச்சு. அவ எந்திரிச்சு ஓடி, மறுபடியும் முன்னால குத்த வெச்சா. மறுபடியும் சுத்திப் போச்சு. ஒரு பைக்குக்காரன், "ஏம்மா, சாகறதுக்கு வேற எடம் இல்லியா?"ன்னான். வேற நாளா இருந்தா அவன் சாவியப் புடுங்கியிருப்பா. அன்னைக்கு அவனுக்குக் குடுக்க அவகிட்ட ஒரு சொல்லு இல்ல. மறுபடியும் ஓடுனா, மறுபடியும் உக்காந்தா, மறுபடியும், மறுபடியும். பாலம் முடியற எடத்துல, இதுக்கு மேல எந்திரிக்க முடியாதுன்னு ஆனப்ப, பேசாம, ஒண்ணும் சொல்லாம, வெறும் முதுகா உக்காந்திருந்தா.

நடை நின்னுச்சு.

ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்பறம் செருப்பு ரெண்டும் ஒண்ணொண்ணாக் கழண்டு ரோட்டுல கெடந்துச்சு, அவ இடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஒரு பாரம் வந்து எறங்குச்சு. ஒரு ஆளோட பாரம் இல்ல. காலு ரெண்டோட பாரமும் இல்ல. அதவிட அதிகம். அரிசி மூட்டையத் தூக்கறவன் மாதிரி தாரணி கைய முட்டில ஊனி, பல்லக் கடிச்சு, எந்திரிச்சு நின்னா. செருப்ப ஒரு கைல எடுத்துக்கிட்டா. குனிஞ்ச முதுகோட, பஸ் ஸ்டாப்பத் தாண்டி, பரோட்டாக் கடையத் தாண்டி, அங்கங்க நின்னு மூச்சு வாங்கி, நடந்தா. வழில பாத்தவங்க ஒதுங்கி வழி விட்டாங்க, ஏன்னு கேக்கல. களைப்பத் தூக்கிட்டுப் போறவங்களப் பாத்தா அந்த ஊருக்குத் தெரியும்.

வெளக்கு வெக்கற நேரத்துக்கு காம்பவுண்டுக்குள்ள நுழைஞ்சா. சம்பூரணம் அடுப்புக்கிட்ட இருந்து எட்டிப் பாத்து, "எங்க அம்மிணி, பொழுதாகியும் நடையக் காணோம்?"ன்னா.

"என்ற முதுகுல இருக்குதுக்கா."

சம்பூரணம் அவ வளைஞ்ச முதுகப் பாத்தா, கைல இருந்த செருப்பப் பாத்தா, கரண்டிய எடுத்து அவளே கொழம்பக் கிண்டுனா.

வீட்டுக்குள்ள மரகதம் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்திருந்தா. "என்னமோ ஆயிருச்சுடி, கொஞ்ச நேரமா சத்தமே கேக்கல, காலு ரெண்டும் அந்தரத்துல தொங்கற மாதிரி இருக்குது"ன்னா. தாரணி கட்டிலுக்கு முதுகக் காட்டித் திரும்பி, மெதுவா, அலுங்காம, தோள்ல தூங்கற கொழந்தைய எறக்கற மாதிரி எறக்குனா. மரகதம் ஸ்ஸ்னு மூச்ச இழுத்தா. இத்தன நாளா வேலை செஞ்ச வலியெல்லாம் ஒரே வாட்டியா வந்து அந்தக் கால்ல எறங்குச்சு. தாரணி பக்கத்துல தரையிலயே விழுந்து அப்படியே தூங்கிட்டா.

விடிஞ்சப்ப கொழாயில தண்ணி வந்துச்சு. கட்டில்ல மரகதத்தோட பாதம் துடிச்சுது, வெரலெல்லாம் தரையத் தேடுச்சு, நடை எந்திரிக்கப் பாத்துச்சு. தாரணி கட்டில் நுனில ஏறி உக்காந்து, ரெண்டு பாதத்தையும் மடில எடுத்து வெச்சு, ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சுக்கிட்டா. மடிக்குள்ள அது திமிறுச்சு, வலைக்குள்ள கோழி திமிறற மாதிரி.

கதவுக்கு வெளிய சம்பூரணம். "கண்ணு, நடை வரலியா?"

"வராதுக்கா."

"எப்ப வரும்?"

"தெரீல. சீக்கு."

அப்பறம் சம்பூரணம், "சீக்குன்னா அடுத்த வீடு நான்தானே"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. வாசல்ல சாத்தியிருந்த வௌக்குமாத்த எடுத்துட்டு இடுப்பப் புடிச்சுக்கிட்டே போனா.

"தண்ணி போயிரும்டி"ன்னா மரகதம்.

"போகட்டும்."

"வேன் வந்துரும்."

"வரட்டும்."

கொழாயடில குடம் வெக்கற சத்தம், சண்ட போடற சத்தம், கொழா வத்திக் காத்து இழுக்கற சத்தம். அப்பறம் சந்து மொனைல ஹாரன். ஒரு தடவ, ரெண்டு தடவ, இன்னொரு நீளமான தடவ. தாரணி அழுத்திப் புடிச்சா, கையெல்லாம் வலிச்சுது, மடில திமிறுனது திமிறித் திமிறி ஓஞ்சுது, கடைசில ஒரு பெருமூச்சு விட்டாப்பல ரெண்டு பாதமும் கனத்துப் போய் அவ தொடை மேல சாஞ்சுது. வேன் கெளம்பிப் போயிருச்சு. வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

தாரணி கைய எடுத்தா. எடுக்கறப்ப அவ கட்டை வெரல் அம்மாவோட உள்ளங்கால்ல தன்னால ஒரு கோடு இழுத்துச்சு.

மரகதம் துள்ளிட்டா. அவ மூஞ்சில ஒரு சிரிப்பு, வயசுப் புள்ள மாதிரி, தாரணி அதுவரைக்கும் பாக்காத சிரிப்பு.

"கூசுதுடி, விடு"ன்னா.

சொன்னாளே ஒழிய, கால இழுத்துக்கல.